ஆறாவது கட்டம்

புது தில்லி
12-1-1969

அன்புள்ள கிரி,

இங்கே நானும் மிக்கேலம்மாளும் சுகம். உன் சுகத்தையும் உன் புழுக்களின் சுகத்தையும் விவரமாக எழுதவும். நீ கடிதம் போட்டு ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் உன் பட்டுப்புழுக்கள் நாலைந்து தலைமுறை கண்டிருக்கும். உனக்கு ஒரு கார்டு எழுதக் கை ஒழியவில்லை. கம்பைநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்தவன் என்ற பாவத்துக்கு நானே மறுபடியும் எழுதுகிறேன்.

நான் சேர்ந்திருக்கும் ஆவண மையத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெளிநாட்டு விஞ்ஞானக் கட்டுரைகள் இங்கே மூட்டை மூட்டையாக வரும். வேண்டுமென்று கேட்கிறவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுப்போம். எந்தக் கட்டுரை எந்த மொழி என்று சீட்டில் சுருக்கமாக இரண்டு மூன்று எழுத்தில் குறிப்பது வழக்கம். இதுவரை ஆளுக்கொரு குறி போட்டுக் குழப்பினார்கள். இப்போது இரண்டு பட்டியல்கள் வந்திருக்கின்றன. ஒன்று அமெரிக்காவின் பெரிய நூலகத்தார் போட்டது, மூன்றெழுத்து. இன்னொன்று சர்வதேசக் குழு போட்டது, இரண்டெழுத்து. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை தயாரிப்பதுதான் என் வேலை. நான் இன்னும் தற்காலிகம்தான். அட்டவணை நன்றாக வந்தால் நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். மாதிரிக்கு ஜப்பானிய மொழியையும் ஹாலந்து மொழியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

நீ கொட்டாவி விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. இருந்தாலும் கேள். ஹாலந்துக்காரர் மொழியை ஆங்கிலத்தில் டச்சு என்கிறார்கள். அவர்கள் வாயால் சொல்வது நெதர்லாண்ட்ஸ். அமெரிக்கப் பட்டியல் வெளியார் வைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு டி.யூ.டி. என்கிறது. சர்வதேசப் பட்டியல் அவர்களுடைய சொந்தப் பெயரை எடுத்து என்.எல். என்கிறது. ஒரே மொழிக்கு இரண்டு குறி, ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. ஜப்பானிய மொழிக்கோ ஜே.பி.என்., ஜே.ஏ. இரண்டும் ஜப்பான் என்ற வெளியூர்ப் பெயரிலிருந்து வந்தவை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழியை நிஹொங்கோ என்றுதான் சொல்கிறார்களாம். ஒருவருக்குக் கொடுத்த மரியாதையை மற்றவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று மேலாளரைக் கேட்டேன். அட்டவணையில் அபிப்பிராயத்துக்குக் கட்டம் கிடையாது என்றார்.

குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. பொங்கலுக்கு இங்கே கரும்பு கிடைக்கும், மஞ்சள் கொத்து கிடைக்காது. உடனே பதில் எழுது.

உன் அன்பு நண்பன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

மாரண்டஹள்ளி
2-2-1969

தீர்த்தகிரீஸ்வரர் துணை

அன்புள்ள தனிசு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. படித்தேன், கொட்டாவியும் விட்டேன். மதராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆகிவிட்டது, பேப்பரில் பார்த்திருப்பாய். எங்கள் அலுவலகத்துக்குப் புது ரப்பர் ஸ்டாம்பு வரவில்லை என்பதால் நாங்கள் மட்டும் இன்னும் மதராஸில் இருக்கிறோம்.

என் பக்கத்து வட்டத்தில் கோவிந்தம்மாள் என்று ஒரு அம்மா. புருஷன் இல்லை, ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. வூட்டில் தெலுங்கு பேசுவாள், சந்தையில் கன்னடம், எனக்குத் திட்டு விழுவது தமிழில். அவளுக்கு எத்தனை எழுத்து, எந்தப் பட்டியல்படி என்று உன் மேலாளரைக் கேட்டு எழுது.

விளையாட்டு போதும், விஷயத்துக்கு வருகிறேன். நான் பட்டு விளக்க உதவியாளன். மல்பெரி நடச் சொல்லி, புழு வளர்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. மூன்று வருஷமாகச் சைக்கிளில் அலைந்து, கடலைக்காய் போட்டுக்கொண்டிருந்த பதினாலு குடும்பங்களை மல்பெரி நட வைத்தேன். கோவிந்தம்மாள் கடைசி வரை மாட்டேன் என்றாள். அவள் வாசலுக்கு ஒன்பது தடவை போன பிறகுதான் நட்டாள். இப்போது இரண்டு பட்டமாகப் புழு சாகிறது. நாலாவது தோல் உரித்து, கூடு கட்ட நாலைந்து நாள் இருக்கும்போது உடம்பு ஊதி மஞ்சளாகிறது. தொட்டால் பால் மாதிரி கசிகிறது. மறுநாள் தட்டு முழுக்க நாற்றம். மேலே எழுதினால் சுண்ணாம்பு தூவச் சொல்கிறார்கள். தூவினோம், சாகிறது.

மைசூர்ப் பக்கம் பயிற்சிக்குப் போனபோது ஒரு ஜப்பான்காரர் எனக்கு முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்று கொடுத்தார். அதில் இதே ஊதின புழுவின் படம் இருக்கிறது. பக்கத்தில் அம்புக்குறி, அட்டவணை, எண்கள். என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது, எனக்கு அது நிச்சயம். படிக்கத்தான் இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. ஐப்பசிப் பட்டத்துக்குள் எனக்கு அது தமிழிலோ இங்கிலீஷிலோ வேண்டும். அதுவும் செத்தால் எல்லோரும் செடியைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் அதற்கப்புறம் நான் எந்த வாசலிலும் போய் நிற்க முடியாது. இது உன்னால் ஆகிற காரியமா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுது.

மிக்கேலம்மாளை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

*

புது தில்லி
15-2-1969

அன்புள்ள கிரி,

கோவிந்தம்மாளுக்கு மூன்று சீட்டு போட வேண்டும், மேலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

உன் காரியம் ஆகும். ஆனால் நேர் வழியில் போனால் ஆகாது. எங்கள் மையத்தில் ஜப்பானிய மொழிக்கு இருப்பது ஒரே ஒரு பேராசிரியர். அவர் மேஜையில் இருநூறு கட்டுரைக்கு மேல் காத்திருக்கின்றன. இன்று கொடுத்தால் இரண்டரை வருஷம். ஹாலந்து மொழிக்கு இருக்கும் ஆளோ சும்மா இருக்கிறார். வருஷத்துக்கு நாலு கட்டுரை வந்தால் அதிகம்.

இங்கே வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வேண்டுகைச் சீட்டில் எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. ஆறாவது கட்டம் மொழிக்குறி. அதைக் கேட்கிறவரே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பிரிக்கிற குமாஸ்தா அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து, அந்தந்த மாடத்தில் போடுவார். உள்ளே இருக்கும் காகிதத்தைத் திறந்தும் பார்க்க மாட்டார்.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். உன் பெயர், பதவி, விலாசம் எழுதி, கீழே கையெழுத்துப் போடு. ஆறாவது கட்டத்தைத் தொடாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். புத்தகத்தோடு பதிவுத் தபாலில் என் பெயருக்கு அனுப்பு. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இப்போது கேட்காதே. பலித்த பிறகு சொல்கிறேன்.

மிக்கேலம்மாள் முழுகாமல் இருக்கிறாள். முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்குக்கூட இன்னும் எழுதவில்லை.

உன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

மாரண்டஹள்ளி
3-3-1969

அன்புள்ள தனிசு,

சந்தோஷச் செய்தி. நல்லபடி பிரசவமாக வேண்டும். அம்மாவுக்கு உடனே எழுது. எனக்கு முதலில் எழுதினது அவர்களுக்குத் தெரிந்தால் உனக்கும் விழும், எனக்கும் விழும்.

புத்தகமும் சீட்டும் அனுப்பியிருக்கிறேன். வெற்றுக் கட்டம் வைத்துக் கையெழுத்துப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படிப் போட்ட ஒருத்தர் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உன் கை என்பதால் போட்டேன்.

புத்தகம் பத்திரம். அது ஒன்றுதான் இருக்கிறது. கோவிந்தம்மாளிடம் தில்லியில் என் சிநேகிதன் இருக்கிறான், மருந்து எழுதி வருகிறது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, வாயில் வந்துவிட்டது.

தீர்த்தகிரி

*

புது தில்லி
20-4-1969

அன்புள்ள கிரி,

பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள். இனி உன் புத்தகம் வந்து சேரும் இடம் தில்லி இல்லை. நம் ஊர்ப்பக்கம்தான். எழுந்து நின்று படி.

கம்பைநல்லூர் தாண்டி கன்னியர் மடத்து மருந்தகம் ஒன்று இருக்கிறதே, அங்கே இருக்கும் ஹாலந்து சிஸ்டர் கொர்னேலியாவை உனக்கு நினைவிருக்கும். எங்கள் மையத்தின் பட்டியலில் என்.எல். என்ற குறிக்கு நேராக இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அவர்தான். பெயரைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்து அங்கே பதினெட்டு நாள் கிடந்தேன். அவர் மாத்திரை எண்ணும்போது இச்சி, நி, சான் என்று எண்ணுவார். என்ன பாஷை என்று எங்கள் அம்மா கேட்டதற்கு, ஜப்பான் பாஷை, சண்டைக் காலத்தில் ஜாவாவில் ஜப்பான்காரர் முகாமில் மூன்று வருஷம் இருந்தேன் என்றார். மையத்தில் யாருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆகவே ஆறாவது கட்டத்தில் ஜே.ஏ. என்று இருக்க வேண்டிய இடத்தில் என்.எல். என்று எழுதினேன். குமாஸ்தா ஹாலந்து மாடத்தில் போட்டார். அங்கே முன்னால் யாரும் இல்லை. புத்தகம் இந்நேரம் சிஸ்டர் கைக்குப் போயிருக்கும். நீ பஸ் ஏறிப் போய், மெதுவாக விஷயத்தைச் சொல்லி, ஒரு மாதத்தில் வாங்கிக்கொள். இரண்டரை வருஷத்தை ஒரு மாதமாக்கியிருக்கிறேன். இரண்டு பட்டியலையும் கரைத்துக் குடித்ததற்கு இதுதான் உபயோகம்.

அட்டவணையை மேலாளர் படித்தார். ஹாலந்து மொழியைப் பற்றிய குறிப்பை மிகவும் மெச்சினார். ஆகஸ்டில் நிரந்தரம் ஆகிவிடும் போலிருக்கிறது.

உன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

மாரண்டஹள்ளி
18-5-1969

தனிசு,

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தர்மபுரி போய், அங்கிருந்து கம்பைநல்லூர் பஸ் ஏறி, மடத்துக்குப் போய்ச் சேரும்போது பத்தரை மணி. சிஸ்டர் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கை கழுவிவிட்டு வந்து, நம் ஊர்ப் பேச்சிலேயே எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். தபால் கட்டுக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

"இது எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். "எண்ணத்தான் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. நீ எழுதினதைச் சொன்னேன், மாத்திரை எண்ணுவீர்களாமே என்று. பிறகு சொன்னார். முகாமில் காலையும் சாயங்காலமும் வரிசையில் நிறுத்தி எண்ணச் சொல்வார்களாம். அவரவர் எண்ணை அவரவர் ஜப்பான் பாஷையில் கத்த வேண்டும். தப்பினால் அடி. ஒரு எழுத்தும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எண்களும், நில், குனி, போ என்ற உத்தரவுகளும்தான் அவருக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை.

"என் பக்கத்துல நின்ன சிஸ்டர் ஒரு நாள் காலையில எந்திரிக்கலை. அன்னிக்கு அவங்க நம்பரை நான் சொன்னேன். என் நம்பரை எனக்கு அடுத்தவங்க சொன்னாங்க. இப்பவும் வேகமா எண்ணணும்னா வாய் தானா அதுக்குத்தான் போகுது. அது என் பாஷை இல்லைங்க. அது என் பாஷைன்னு தில்லியில யார் எழுதினது?"

எனக்குத் தலை நிமிரவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் கோபப்படவும் இல்லை, மோர் கொடுத்தார். புத்தகத்தை மையத்துக்கே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புவதாகவும், உள்ளது உள்ளபடி எழுதுவதாகவும் சொன்னார். வேறு மாதிரி எழுதுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீ கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான் செய்தாய். ஆனால் ஒரு மனுஷி மாத்திரை எண்ணினதை ஒன்பது வயதில் கேட்டுவிட்டு, அதை வைத்து ஒரு கட்டத்தை நிரப்பினாயே, அவரை ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த இரண்டு பாஷையையும் வைத்து அத்தனை எழுதினவன் நீ.

இரண்டு காரியம் செய். சிஸ்டருக்கு உன் கையால் நாலு வரி எழுது. புத்தகம் வந்ததும் சரியான குறி போட்டு ஜப்பான் வரிசையிலேயே வை. தாமதமானாலும் ஆகட்டும். கோவிந்தம்மாளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தீர்த்தகிரி

*

புது தில்லி
9-6-1969

அன்புள்ள கிரி,

உன் கடிதம் கிடைத்தது. சிஸ்டருக்கு எழுத வேண்டும், எழுதுகிறேன். மனம் கொஞ்சம் ஓய வேண்டும்.

புத்தகம் திரும்பி வந்தது, சிஸ்டரின் கடிதமும் வந்தது. மேலாளர் கையில் நேராகப் போய்விட்டது. ஒரு சின்ன விசாரணை நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. பேசிச் சரிசெய்துவிட்டேன். புத்தகத்தை என் கையால் எடுத்து வரிசையில் வைக்க இப்போது முடியவில்லை. அது கோப்போடு இருக்கிறது. சமயம் பார்த்துச் செய்கிறேன்.

ஒருவேளை உன் அலுவலகத்துக்கு ஏதாவது குறிப்பு வந்தாலும் வரலாம். வழக்கமான காகிதம்தான். மனதில் போட்டுக்கொள்ளாதே. பதில் எழுதாமல் விட்டாலும் குற்றமில்லை.

மிக்கேலம்மாளுக்கு வெயில் தாங்கவில்லை. வாந்தி நிற்கவில்லை. டாக்டர் அலையக் கூடாது என்கிறார். அட்டவணையை அச்சுக்கு அனுப்பப் போகிறார்கள்.

உன்,
ஸ்தனிஸ்லாஸ்

*

மாரண்டஹள்ளி
30-6-1969

தனிசு,

குறிப்பு வந்தது. என் மேலதிகாரி என்னை நிற்க வைத்து வாசித்தார். வேண்டுகிறவர் ஆறாவது கட்டத்தில் வேண்டுமென்றே பொய்க் குறி எழுதி மையத்தையும் மொழிபெயர்ப்பாளரையும் ஏமாற்றியிருக்கிறாராம். ஒரு வருஷத்துக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் எதையும் ஏற்க மாட்டார்களாம். புத்தகத்தையும் அதோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொழிபெயர்க்காமல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆறாவது கட்டத்தை நான் நிரப்பினேன் என்று அங்கே யார் சொன்னது?

தீர்த்தகிரி

*

புது தில்லி
12-7-1969

என் அன்புள்ள கிரி,

மூன்று நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்தான் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன் என்று கேள். மேலாளர் சீட்டை நீட்டி, இந்தக் கட்டத்தை நிரப்பியது யார் என்றார். விதிப்படி கேட்கிறவர்தான் நிரப்ப வேண்டும், சார், கீழே அவருடைய கையெழுத்து இருக்கிறது என்றேன். அதில் பொய் ஒரு வார்த்தையும் இல்லை. அவர் மேலே கேட்கவில்லை, நானும் மேலே சொல்லவில்லை. அதைக் குறிப்பாக எழுதுவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தற்காலிக ஆளுக்கு விசாரணைகூடக் கிடையாது. மிக்கேலம்மாளை இந்த நிலையில் எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? உன் வேலை நிரந்தரம். உனக்கு மிஞ்சிப் போனால் ஒரு கண்டனம் வரும், அதோடு போகும். எனக்கு எல்லாமே போகும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன்: என்.எல். என்ற இரண்டு எழுத்தை எழுதியது நான்தான், என் கைதான், நீ அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லை.

நிரந்தரம் ஆனதும் எப்படியாவது இதைச் சரிசெய்வேன். எனக்கு ஒரு வரி எழுது, கிரி. திட்டியாவது எழுது.

உன் தனிசு

*

பொம்மிடி
24-11-1969

திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

12-7-69 தேதியிட்ட தங்கள் கடிதமும், அதற்குப் பின் அனுப்பிய மூன்றும் கிடைத்தன. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் விசாரணை. அது போன மாதம் முடிந்தது.

விசாரணைக்கு தர்மபுரியில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டை என் முன்னால் வைத்து, ஆறாவது கட்டத்தில் இருப்பது உங்கள் எழுத்தா என்று கேட்டார்கள். தங்களுடைய ஜூலை மாதக் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டலாம் என்றுதான் கொண்டுபோனேன். மூவரில் ஒருவர் நல்லவர். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தேன். பிறகு, "ஆமாங்க, நான் எழுதினதுதான்" என்று சொன்னேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

தங்கள்மேல் உள்ள பிரியத்தால் செய்தேன் என்று எண்ண வேண்டாம். காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். அதில் பிறகு யார் என்ன எழுதினாலும் அதற்கு நான்தான் பொறுப்பு. அது ஒன்று. கடிதத்தை நீட்டியிருந்தால் தங்கள் வேலை போயிருக்கும், அதனால் தங்கள் மனைவியும் தெருவுக்கு வந்திருப்பார். அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது இன்னொன்று. தங்களுக்கு இதில் பங்கில்லை.

என்னைப் பட்டு வேலையிலிருந்து எடுத்து, பொம்மிடியில் விதைக் கிட்டங்கிக்கு மாற்றியிருக்கிறார்கள். ரயிலில் வரும் மூட்டைகளை எண்ணி இறக்கிப் பதிய வேண்டும். கஷ்டமான வேலை இல்லை.

ஐப்பசிப் பட்டமும் செத்தது. பதினாலு குடும்பத்தில் பதிமூன்று பேர் மல்பெரியைப் பிடுங்கிக் கடலைக்காய்க்கு உழுதுவிட்டார்கள். கோவிந்தம்மாள் மட்டும் பிடுங்காமல் இருந்தாள். மாற்றல் உத்தரவு வந்ததும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவள் வூட்டுக்குப் போனேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நீ சொன்னேன்னுதான் வெச்சேன். ஊரே சிரிச்சிது, பரவால்லைன்னு வெச்சேன். நாளைக்கு நானே புடுங்கிக்கறேன். நீ வந்து நிக்காத, பாக்கறதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கும்" என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பாலக்கோடு ரோடு வரைக்கும் நடந்தேன். ஏறி உட்காரத் தோன்றவில்லை.

எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். வேலை மாறினதற்கு இல்லை. தாங்கள் என்னிடம் முதலிலேயே, கிரி, நான் மாட்டிக்கொண்டேன், உன் பெயரைச் சொல்லட்டுமா என்று ஒரு கார்டு போட்டிருந்தால், சொல் என்றுதான் எழுதியிருப்பேன். தங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

தங்களுக்கு வேலை நிரந்தரமானதையும், பெண் குழந்தை பிறந்ததையும் கம்பைநல்லூர் பஸ்ஸில் தங்கள் தாயார் சொன்னார்கள். அட்டவணை புத்தகமாக வந்திருக்கிறதாம், பார்த்தாயா என்று கேட்டார்கள். வரும், பார்க்கிறேன் என்றேன். நமக்குள் நடந்தது எதையும் நான் சொல்லவில்லை, இனி சொல்லவும் மாட்டேன். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

ஜூலை மாதக் கடிதத்தை இத்துடன் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். இது ஒன்றுதான் சாட்சி, நகல் எடுக்கவில்லை. வந்து சேர்ந்ததும் கிழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

இதற்குப் பதில் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தீர்த்தகிரி
கிட்டங்கி எழுத்தர்